முன் இடது சக்கரத்தின் ஐந்து மூடிகள்

சாவிப் பலகைக்கு மேலே, நூலில் கோத்து ஆணியில் தொங்கும் அந்த ஐந்து கறுப்பு மூடிகளைப் பற்றி நீங்கள் ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். கண்ணூறு நாவூறு படாமல் கட்டியது என்கிறாராம் ஒருவர். கராஜுக்கு வந்த முதல் காரின் நினைவு என்கிறாராம் இன்னொருவர். என் பிரியாவிடை நாளில் உங்களில் ஒருவர் நேரடியாகவே கேட்டார். நான் வாயில் வடையைப் போட்டுக்கொண்டு தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிட்டேன். இருபத்தாறு வருடம் வேலை செய்த இடத்தில் கடைசி நாளும் மழுப்பிவிட்டு வந்தது எனக்கே பிடிக்கவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

எங்கள் மோர்டன் கராஜ் ஒரே ஒரு ஜெர்மன் கம்பனியின் கார்களைப் பார்த்தே பெயர் எடுத்தது. அந்தக் கம்பனியின் பெயரை எழுதத் தேவையில்லை. தினமும் நீங்கள் அதன் முகத்தில்தான் விழிக்கிறீர்கள். லண்டனுக்கு வந்த எங்கள் ஆட்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் படியேறினார்கள்: முதலில் விசா, பிறகு பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட், பிறகு வீடு, அதன் பிறகு அந்தக் கார். நாலு கை மாறி வந்த கார் என்றாலும் முன்னால் அந்தச் சின்னம் இருந்தால் போதும். கலியாண மண்டபத்தில் பின்பக்கம் இடம் காலியாகக் கிடந்தாலும் அதை வாசலில்தான் நிறுத்துவார்கள். ஜெர்மன் கார்களின் புகை அளவை மறைத்த விவகாரம் செய்திகளில் அடிபட்ட காலத்தில்கூட எங்கள் வாடிக்கையாளர் ஒருவரும் காரை மாற்றவில்லை. அவ்வளவு நம்பிக்கை.

நானும் அவர்களில் ஒருவன்தான். லண்டனுக்கு வருவதற்கு முன் ஜெர்மனியில் ஓர் அகதி விடுதியில் இரண்டு வருடம் இருந்தேன். வேலை செய்ய அனுமதி இல்லை. ஜன்னலுக்கு எதிர் வீட்டில் ஒரு வயதானவர் சனிக்கிழமைதோறும் தன் காரைக் கழுவுவார். அதே கம்பனியின் கார். அந்த மனிதர் இளைஞனாக இருந்தபோது வாங்கியதாம், இன்னும் ஓடுகிறதாம் என்று விடுதிக் காவலாளி சொன்னார். வீடு, ஊர், படிப்பு எல்லாம் போரில் ஒரே மாதத்தில் கைவிட்டுப் போன எனக்கு, இவ்வளவு காலம் ஒழுங்காக ஒரே வாசலில் நின்ற ஒரு பொருளைப் பார்க்க ஏக்கமாக இருந்தது. அந்தக் கம்பனியின் மேல் நான் வைத்த நம்பிக்கை அந்த ஜன்னலில் தொடங்கியது. பின்னால் என்னை விழுத்தியதும் அதே நம்பிக்கைதான்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன், பாடசாலை விடுமுறைக் காலத்து வெள்ளிக்கிழமை. குகன் என்று ஒரு வாடிக்கையாளர். பஸ் சாரதி. பதினைந்து வருடம் மிச்சம் பிடித்து நாலு வருடப் பழைய கார் ஒன்றை வாங்கி, பிரேக் எல்லாம் மாற்றித் தரச் சொல்லி எங்களிடம் விட்டிருந்தார். அன்று பன்னிரண்டரைக்கு ஆர்ச்வே முருகன் கோயிலில் வாகன பூசை. ஆனால் காரைப் பொறுப்பெடுத்து வெளிக்கிடுவது பத்தரைக்கு முன் நடக்க வேண்டும், ஏனென்றால் வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம். லண்டனில் சூரியன் உதிக்கும் நேரமே வேறு என்று யாராவது விளக்கப் போனால் சண்டைதான் வரும். எங்கள் ஆட்களுக்கு வெள்ளிக்கிழமை பத்தரை என்றால் பத்தரை. எனக்கும் அப்படித்தான்.

வரவேற்பு மேசைச் சுவரில் டூட்டிங் பூக்கடை ஒன்று இலவசமாகக் கொடுத்த நாட்காட்டி தொங்கும். நல்ல நேரம், ராகு காலம் எல்லாம் அதில் இருக்கும். அதன் கீழே மேசையில் இருந்தவர் மன்னாரைச் சேர்ந்த ஓர் அக்கா. கத்தோலிக்கர், ராகு காலம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. அவருக்கு இருந்தது ஒரே வேதம்: ஒருவர் வேலை செய்தால் இன்னொருவர் சரிபார்க்க வேண்டும், வேலை அட்டையில் இரண்டு கையெழுத்து இல்லாமல் சாவி பலகையை விட்டு இறங்காது. அந்த முறையை கராஜில் கொண்டுவந்தவரே அவர்தான்.

நான் காரைத் தரைக்கு இறக்கி, சக்கரத்து போல்ட்டுகளை டோர்க் ரென்சால் இறுக்கிக்கொண்டிருந்தேன். உங்களுக்குத் தெரியும், சரியான இறுக்கம் வந்ததும் அது 'டக்' என்று சொல்லும். சக்கரத்துக்கு ஐந்து போல்ட், ஐந்து 'டக்'. அதன் பிறகுதான் போல்ட்டின் தலைக்குக் கறுப்பு மூடி. மூன்று சக்கரம் முடிந்தது. நாலாவதுக்குக் குனியும்போது குகன் உள்ளே வந்துவிட்டார்.

“அண்ணை, இன்னும் ஆறு நிமிசம்தான் கிடக்கு.”

குறை சொல்லவில்லை, கெஞ்சினார். வாசலில் அவருடைய மனைவி பட்டுச் சேலையில் நின்றார், சக்கரங்களுக்குக் கீழே வைக்க நாலு எலுமிச்சம்பழம் ஒரு பையில். ஒன்பது வயது மகள் புதுச் சட்டையோடு குதித்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்தேன், அவரோடு இரண்டு வார்த்தை பேசினேன், திரும்பக் குனிந்தேனா இல்லையா என்பது இன்றுவரை எனக்கு நினைவில்லை. நினைவில் இருப்பது அட்டையோடு மேசைக்கு ஓடியதுதான்.

“ரெண்டாவது கையெழுத்து எங்கை?” என்றார் அக்கா.

“சரிபாக்கிறவர் ஒரு காரை ஓடிப்பாக்கக் கொண்டு போயிட்டார் அக்கா. நானே போடுறன்.”

“நீர் செய்த வேலைக்கு நீரே காவலோ, தம்பி?”

“ராகு காலம் துவங்கப்போகுது. அதுகளைப் பாருங்கோ, பாவங்கள். இந்தக் காருக்கு ஒண்டும் ஆகாது, சாவியைத் தாங்கோ.”

இரண்டு இடத்திலும் என் கையெழுத்தைப் போட்டேன். அக்கா சாவியை என்னிடம் தரவில்லை. மேசையில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பத்து இருபத்தெட்டுக்குக் கார் வாசலைத் தாண்டியது. எல்லோரும் சிரித்தோம், மகள் கை காட்டினாள்.

பத்து ஐம்பதுக்குத் தேநீர் குடிக்கப் போனேன். கைக்குட்டை எடுக்கச் சட்டைப்பைக்குள் கையை விட்டால், மூடிகள். வெளியே எடுத்து எண்ணினேன். ஐந்து.

அந்த இடத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களில் யாரைக் கேட்டாலும் சொல்வீர்கள். நான் செய்தது வேறு. டயர் அடுக்குக்குப் பின்னால் போய் நின்றேன். மூடி போடத்தான் மறந்திருப்பேன், இறுக்கியிருப்பேன் என்று எனக்கே சொன்னேன். ஐந்து 'டக்' காதில் கேட்டதா என்று யோசித்தேன். கேட்டது போலவும் இருந்தது, கேட்காதது போலவும் இருந்தது. அடுத்ததாக, ஜெர்மன்காரன் செய்த கார், அப்படிச் சும்மா சக்கரம் கழலாது என்று நினைத்தேன். ஆயிரம் முறை அந்த போல்ட்டைக் கழற்றிப் பூட்டிய எனக்குத் தெரியும், அதை இறுக்குவது ஜெர்மன்காரன் இல்லை, நான் என்று. தெரிந்துகொண்டே அப்படி நினைத்தேன். கடைசியாக நினைத்தது இரண்டு கையெழுத்தை. அது வெளியே வந்தால் என் பெயர் என்னாகும், அக்காவின் முகத்தில் எப்படி விழிப்பது, முதலாளி என்ன சொல்வார். பின் இருக்கையில் இருந்த பிள்ளை அந்த வரிசையில் எங்குமே இல்லை. வெட்கத்தோடு சொல்கிறேன், அவள் இல்லை.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து ஐம்பத்து நாலு. நாலு நிமிடம் போயிருந்தது. அதன் பிறகுதான் மேசைக்குப் போய் மூடிகளை அக்காவின் முன்னால் வைத்தேன்.

அக்கா அட்டையில் இலக்கத்தைப் பார்த்தார். குகனின் கைபேசிக்குப் போன் எடுத்தார். நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. பஸ் சாரதி, ஓடும்போது போனைத் தொடாத மனிதர். மனைவியின் இலக்கம் அட்டையில் இல்லை. கோயிலுக்குப் போன் எடுத்தால் அவர்கள் அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் பயன், அதற்குள் லண்டனைக் குறுக்கே வெட்டி ஒரு மணித்தியால ஓட்டம்.

“பொறும்,” என்றார் அக்கா. “அந்தப் பிள்ளை என்னட்டைச் சொன்னது. டூட்டிங்கிலை மாலை வாங்கப் போறமெண்டு.”

அவர் நாட்காட்டியை நிமிர்ந்து பார்த்தார். என்னை அவசரப்படுத்திய அதே நாட்காட்டி. ராகு காலத்துக்குக் கீழே பூக்கடையின் தொலைபேசி இலக்கம் இருந்தது.

கடைக்காரர் எடுத்தார். “ஓம், ஓம், பட்டுச் சேலை கட்டினவா. பெரிய மாலை ஒண்டு. இப்பதான் வெளிக்கிட்டவை, ரெண்டு நிமிசமும் இராது.”

“ஓடுங்கோ அண்ணை,” என்று அக்கா கத்தினார். அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. “காரை மறியுங்கோ. சக்கரம் கழரப் போகுது.”

மறுமுனையில் போனை மேசையில் போட்ட சத்தம். பிறகு கடைக்குள் யாரோ வெற்றிலை விலை கேட்கும் குரல். ஒரு வானொலி. வேறொன்றுமில்லை. நானும் அக்காவும் தலையோடு தலை வைத்து அந்த வானொலியைக் கேட்டுக்கொண்டு நின்றோம். அக்கா கழுத்துச் சிலுவையைப் பிடித்தபடி எதையோ முணுமுணுத்தார். நான் முருகனைக் கூப்பிடவில்லை. கூப்பிட வாய் வரவில்லை.

கடைக்காரர் மூச்சு வாங்க வந்தார். “சிக்னலிலை நிண்டவை. கண்ணாடியிலை தட்டி நிப்பாட்டிப்போட்டன்.”

கணக்கு உங்களுக்குப் புரிகிறதா? நான் டயர் அடுக்குக்குப் பின்னால் நிற்காமல் இருந்திருந்தால், போன் போனபோது அவர்கள் இன்னும் கடைக்குள்தான் மாலை பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்கள். நான் செலவழித்த நேரத்தை அந்தச் சிவப்பு விளக்குதான் திருப்பித் தந்தது.

ரென்சையும் மூடிகளையும் எடுத்துக்கொண்டு கராஜ் வான் வண்டியில் டூட்டிங்குக்குப் போனேன். கார் கடைகளுக்கு முன்னால் கரையோரம் நின்றது. நடைபாதையில் மண்டியிட்டு முன் இடது சக்கரத்தில் கை வைத்தேன். மூன்று போல்ட்டுகள் விரலுக்கே சுழன்றன. குகன் குனிந்து அதைப் பார்த்தார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன்.

“நான் ஒவ்வொரு நாளும் பஸ்ஸை எடுக்கமுதல் ஒரு சுற்றுச் சுற்றி, சக்கரமெல்லாம் பாக்கிறனான்,” என்றார் மெதுவாக. “இண்டைக்குப் பாக்கேல்லை. இந்தக் கார்தானே எண்டு விட்டிட்டன்.”

அவர் மனைவி கண்ணாடியை இறக்கினார். மடியில் எலுமிச்சம்பழப் பை. மகள் அவருடைய தோளுக்கு மேலால் என்னையே பார்த்தாள். “அண்ணை, உங்களுக்கு இது எப்ப தெரிஞ்சது?” என்று கேட்டார் மனைவி.

“கண்ட உடனை போன் எடுத்தனாங்கள்,” என்றேன்.

ஐந்தையும் இறுக்கினேன். மூடியைப் போட எடுத்தபோது குகன் என் கையைப் பிடித்தார். “மூடி வேண்டாம் அண்ணை. போல்ட் எனக்குத் தெரியட்டும்.” அப்படியே பூசைக்குப் போனார்கள். மூன்று சக்கரத்தில் மூடி, ஒன்றில் இல்லை. அந்தக் கார் இன்றும் அப்படித்தான் ஓடுகிறது.

அக்கா முதலாளியிடம் இரண்டு கையெழுத்து விஷயத்தைச் சொன்னார், என் முன்னாலேயே. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. அது நியாயம், அதோடு முடிந்திருக்கலாம். முடியாமல் செய்தது குகனின் நல்ல மனம். அவர் பஸ் டிப்போவில், கோயிலில், கலியாண வீடுகளில் எல்லாம் என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டு திரிந்தார். “பிழை விட்டவர்தான். ஆனா கண்ட உடனை போன் எடுத்த மனிசன். அப்பிடி ஒராள் லண்டனிலை கிடையாது.” அதைக் கேட்டு ஆட்கள் வந்தார்கள். லண்டனின் மறுகோடியில் உள்ள பிளேஸ்டோவிலிருந்துகூட என்னைத் தேடிக் கார் வந்தது. கராஜ் வளர்ந்தது, என் பெயரும் வளர்ந்தது. அந்தப் பெயருக்கு அடியில் நாலு நிமிடம் கிடந்தது எனக்கு மட்டும்தான் தெரியும். மூடிகள் என் மேசையின் இழுக்கும் லாச்சிக்குள் கிடந்தன.

ஒன்பது வருடம் அப்படிப் போனது. மூன்று வருடங்களுக்கு முன் மச்சானின் மகளுக்கு ஜெர்மனியில் கலியாணம். அங்கே போனவன், அந்தக் கம்பனியின் அருங்காட்சியகத்தையும் பார்க்கப் போனேன். கோயிலுக்குப் போவது போலக் குளித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டுதான் போனேன். ஆரம்ப காலத்துக் கார்கள், போரில் கூரை இடிந்த ஆலையில் திரும்பச் செய்யத் தொடங்கிய கார்கள், நான் ஜன்னலிலிருந்து பார்த்த அதே மாதிரிக் கார். கண் நிறைந்துபோனது. பிறகு ஒரு சிறிய வாசல். உள்ளே வெளிச்சம் குறைந்த அறை.

அங்கே கார் ஒன்றும் இல்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஜெர்மனி பிடித்த நாடுகளிலிருந்தும் முகாம்களிலிருந்தும் கொண்டுவந்து காவலோடு ஆலையில் வேலை வாங்கப்பட்டவர்களின் படங்கள் இருந்தன. ஒரு தகரக் கிண்ணம். ஒரு சுவர் முழுக்கப் பெயர்கள். எத்தனையோ வருடம் அந்தக் காரின் வயிற்றுக்குக் கீழே படுத்துக் கிடந்தவன் நான், இதைப் பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை. வழிகாட்டியாக நின்ற பெண்ணிடம் எனக்குத் தெரிந்த ஜெர்மன் மொழியில் கேட்டேன்: “இதை ஏன் நீங்களே வைத்திருக்கிறீர்கள்? கார் வாங்க வருபவர்கள் பார்ப்பார்களே.”

அவர் குரலைத் தாழ்த்தாமல் சொன்னார். “நீண்ட காலம் வைக்கவில்லை. தெரியாமல் இல்லை. தெரியும் என்று சொல்லத்தான் அவ்வளவு காலம் எடுத்தது. அதற்குள் இந்தச் சுவரில் உள்ளவர்களில் பலர் செத்துப்போனார்கள்.”

நானும் ஒரு போரிலிருந்து வந்தவன். எங்கள் போரில் நடந்தவற்றுக்கு, தன் பக்கத்துப் பிழையைத் தானே சுவரில் மாட்டிய ஓர் அறையை நான் இதுவரை கண்டதில்லை. அந்த மனிதர்கள் பட்டதையும் என் நாலு நிமிடத்தையும் ஒரே தராசில் வைப்பது பாவம், நான் வைக்கவில்லை. ஆனால் அந்தப் பெண் சொன்ன கடைசி வரி என்னை விடவில்லை. சொல்லப்பட வேண்டியவர் உயிரோடு இருக்கும்போதே சொல்ல வேண்டும். குகன் உயிரோடு இருந்தார். தினமும் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்ததும் மூடிகளை நூலில் கோத்து, சாவிப் பலகைக்கு மேலே மாட்டக் கேட்டேன். கீழே நடந்ததை எழுதி ஒரு தாளும் ஒட்டுவதாகச் சொன்னேன். “மாட்டுங்கோ. எழுத்து வேண்டாம். வாற சனம் என்ன நினைக்கும்,” என்றார் முதலாளி. நானும் சரி என்றேன். பாதி உண்மை சுவருக்கு ஏறியது. மீதிப் பாதிதான் உங்கள் நாவூறுக் கதைகளாக வளர்ந்திருக்கிறது.

அடுத்த மாதம் குகன் காரோடு வந்தார். “மகள் ஓடப் பழகீட்டாள் அண்ணை. இனிக் கார் அவளின்ரை. வடிவாப் பாருங்கோ,” என்றார். வேலை முடிந்து அவர் சாவி எடுக்க வந்தபோது, அவரை மூடிகளுக்குக் கீழே நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். டயர் அடுக்கை, கடிகாரத்தை, நான் என்னென்ன நினைத்தேன் என்பதை, அவருடைய மகளை நினைக்கவில்லை என்பதை.

அவர் கேட்டுக்கொண்டே நின்றார். அக்காவும் அந்த நாலு நிமிடத்தைப் பற்றி அன்றுதான் முதல்முறையாக அறிந்தார். தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டார்.

“நான் எத்தினை பேருக்குச் சொல்லியிருப்பன்,” என்றார் குகன்.

“தெரியும்.”

“தெரிஞ்சுகொண்டே ஒன்பது வருசம் இருந்தனீங்கள்.”

“ஓம்.”

மன்னிப்புக் கேட்டேன். அவர் கையை நீட்டினார். “ரென்சைத் தாங்கோ,” என்றார். வேலை முடிந்திருந்த கார் அது, இரண்டு பேர் கையெழுத்தும் போட்டாயிற்று. ஆனாலும் அவர் முன் இடது சக்கரத்துக்கு முன்னால் மண்டியிட்டு ஒவ்வொரு போல்ட்டாகத் தானே பார்த்தார். ஐந்து 'டக்'. நான் ஆணியிலிருந்து மூடிகளை எடுத்து நீட்டினேன். அவர் தலையை ஆட்டினார். “அது இஞ்சையே கிடக்கட்டும்.” சாவியை எடுத்துக்கொண்டு போனார். அவர் காரை வேறு கராஜுக்குக் கொண்டுபோவார் என்றும், அவர் சொல்லி வந்த ஆட்களும் நின்றுவிடுவார்கள் என்றும் நினைத்தேன். கராஜை என் வாயாலேயே கெடுத்துவிட்டேனோ என்று சில வாரம் நித்திரை கெட்டது உண்மை.

உங்களிடம் கையெழுத்தைப் பற்றி உபதேசம் செய்ய எனக்குத் தகுதி இல்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். உங்களுக்கும் ஒரு நாள் சட்டைப்பைக்குள் ஏதோ ஒன்று மிஞ்சும். அப்போது டயர் அடுக்குக்குப் பின்னால் போகாதீர்கள், நேரே மேசைக்குப் போங்கள்.

குகன் வந்துபோய் இரண்டு மாதம் கழித்து, முன்பின் தெரியாத ஒருவர் அதே கம்பனியின் கார் ஒன்றைக் கொண்டுவந்தார். வேலை முடிந்தது, இரண்டு கையெழுத்தும் ஆனது, அக்கா சாவியை நீட்டினார். அவர் வாங்கவில்லை. தயங்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

“குறை நினையாதேங்கோ அண்ணை. குகன் அண்ணைதான் என்னை இஞ்சை அனுப்பினவர். வேலை திறமாச் செய்வினமாம். ஆனா எடுக்கமுதல் சக்கரத்தை நானே ஒருக்காப் பாக்கவேணுமெண்டு சொல்லிவிட்டவர்.”

நான் ரென்சை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.